சவுத்எண்ட் பியர்: கடலைத் துரத்திக்கிட்டுப் போன மரப்பாலம்

லண்டன்ல இருந்துக்கிட்டு கடல் பாக்கணும்னு வாயத் தொறந்தா எல்லாரும் பிரைட்டனுக்குத்தான் கை காட்டுவாங்க. நல்ல ஊருதான், ஆனா நாங்க ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்ல ட்ரெயின் ஏறி எசெக்ஸ் பக்கம் சவுத்எண்டுக்குப் போனோம், ஒரு மணி நேரம் ஆச்சு. உலகத்துலயே நீளமான பிளஷர் பியர் (ஜனங்க உலாத்துறதுக்காக கரையில இருந்து கடலுக்குள்ள நீட்டிக் கட்டுற பாலம்) இங்கதான், 1.33 மைல், 2.1 கிலோமீட்டருக்கும் மேல.

பியர் மேல நடக்க ஆரம்பிச்சா கீழ தண்ணியவே காணோம்! வெறும் சேறு, அதுல சாஞ்சு கிடக்குற படகுங்க, புழு பொறுக்குற பறவைங்க, அவ்ளோதான். தேம்ஸ் ஆறு கடல்ல கலக்குற இடம் இது, தண்ணி வத்துற நேரத்துல ஒரு மைலுக்கு மேல உள்வாங்கிடும், ஏறுற நேரத்துலயும் கரையோரம் பெரிய கப்பல் நிக்கிற ஆழம் கிடையாது. இந்தச் சேறுதான் பியர் வந்ததுக்கே காரணம்.

1800கள் தொடக்கத்துல லண்டன்காரங்க ஸ்டீமர் ஏறி கடல் காத்து வாங்கப் போறது பெரிய ஃபேஷன். சவுத்எண்ட்ல இறங்க வழியில்லாததால கப்பலுங்க நேரா கென்ட் பக்கம் மார்கேட்டுக்குப் போயிடும், காசும் அங்கயே போயிடும். லண்டன் மேயரா இருந்த வில்லியம் ஹேகேட்தான் பாடுபட்டு 1829ல பார்லிமென்ட்ல அனுமதி வாங்கினாரு. அடுத்த வருஷமே 600 அடிக்கு ஒரு மர பியர் ரெடி, ஆனா தண்ணி வத்துனா அதுவும் சேத்துலதான் நிக்கும். சரின்னு 1833ல மூணு மடங்கு நீட்டினாங்க, அப்பவும் பத்தல, 1840கள்ல 7,000 அடி வரைக்கும் கொண்டு போனப்பதான் எந்நேரமும் கப்பல் வந்து நிக்கிற ஆழம் கிடைச்சுது. நீளமான பியர் கட்டணும்னு யாரும் ஆசைப்பட்டுக் கட்டல பாருங்க, கடல் தள்ளிப் போகப் போக இவங்களும் பின்னாடியே போயிருக்காங்க.

அப்புறம் ஊருக்கு ரயில் வந்துச்சு, கூட்டமும் வந்துச்சு, மரம் தாங்கல. ஜேம்ஸ் பிரன்லீஸ்னு ஒரு இன்ஜினியர் டிசைன்ல இரும்பு பியர் 1889ல திறந்தாங்க, மறு வருஷமே மேல எலக்ட்ரிக் ட்ரெயின். இரண்டாம் உலகப்போர்ல நேவி மொத்தமா எடுத்துக்கிட்டு ஹெச்எம்எஸ் லீ-ன்னு பேரு வச்சு, தேம்ஸ்ல இருந்து கிளம்புற கப்பல் கூட்டத்தையெல்லாம் இங்க இருந்துதான் வரிசைப்படுத்தி அனுப்பியிருக்கு, 84,000 கப்பலுக்கு மேல. ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டு நாம நடக்குற அதே பலகை வழிதான்.

போருக்கு அப்புறம் ஒரு வருஷத்துல 50 லட்சம் பேர் வந்த காலமும் உண்டு. அதுக்குப் பிறகு ஒண்ணு மாத்தி ஒண்ணு அடி. 1959ல கரைப் பக்கம் இருந்த பெவிலியன், அதாவது மண்டபம், எரிஞ்சுது, அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டவங்கள படகுல ஏத்திக் கொண்டு வந்தாங்க. 1976ல கடல் முனை எரிஞ்சுது, 1978ல ட்ரெயினும் நின்னுச்சு, 1980ல கவுன்சில் மூடிடலாம்னே சொல்லிடுச்சு, ஊர் ஜனம் விடல. 1986 மே மாசம் இளவரசி ஆன் வந்து புது ட்ரெயின திறந்து வச்சாங்க, அப்பாடான்னு உட்கார்றதுக்குள்ள ஜூன் 30ம் தேதி கிங்ஸ்அபேன்னு ஒரு கப்பல் வந்து மோதி பியர ரெண்டா வெட்டிடுச்சு, 70 அடி ஓட்டை! லைஃப்போட் (கடல்ல மாட்டுறவங்களக் காப்பாத்துற படகு) ஷெட்டும் போச்சு. 2005ல மறுபடியும் தீ. இதுக்கு மேலயும் ஒரு ஊர் இத ரிப்பேர் பண்ணிக்கிட்டே இருக்குன்னா அது வருமானக் கணக்கு மட்டும் கிடையாது.

இப்ப முனையில இருக்குற ராயல் பெவிலியன் 2012ல வந்தது, டில்பரில முழுசா கட்டி மிதவைல கொண்டு வந்து கிரேன்ல தூக்கி வச்சிருக்காங்க. இப்ப ஓடுற பேட்டரி ட்ரெயின் ஒண்ணுக்கு சர் டேவிட் அமெஸ் பேரு. இந்த ஊர சிட்டி ஆக்கணும்னு வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருந்த எம்பி அவரு, 2021ல பக்கத்துல லீ-ஆன்-சீல அவரக் கொலை பண்ணிட்டாங்க, சிட்டி அந்தஸ்து அதுக்கப்புறம்தான் கிடைச்சுது.

போறவங்க போகும்போது நடங்க, வரும்போது ட்ரெயின் ஏறுங்க. ஜாக்கெட் கண்டிப்பா வேணும், வெயில் அடிச்சாலும் முனையில காத்து ஆளத் தள்ளுது. டைட் டேபிள் (கடல் ஏறுற, வத்துற நேரப் பட்டியல்) பாத்து தண்ணி வத்தியிருக்குற நேரமா போனீங்கன்னா எதுக்கு இவ்ளோ நீளம்னு யாரும் விளக்கவே வேண்டாம்.