ஏம்மா இப்படி எழுதினே?

கணினி அறிவியல் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், லேபில் யாருடைய புரோகிராம் ஓடவில்லை என்றாலும் நேராகப் போய் கீபோர்டை வாங்கி நானே திருத்திவிடுவேன். இரண்டு நிமிடத்தில் அவுட்புட் வந்துவிடும், தேங்க்ஸ் சார் என்பார்கள், அடுத்த வாரம் அதே மாதிரி இடத்தில் மறுபடி மாட்டிக்கொண்டு நிற்பார்கள். அது என் தவறு என்று புரிய மூன்று வருடம் ஆனது.

புரியவைத்தது ஒரு முதலாமாண்டு மாணவி. ஏ, பி என்ற இரண்டு வேரியபிள்களின், அதாவது மதிப்பை வைக்கும் இரண்டு பெட்டிகளின், மதிப்பை இடம் மாற்ற வேண்டும். ஏ-யில் பி-யைப் போடு, பி-யில் ஏ-யைப் போடு என்று சி மொழியில் இரண்டே வரி எழுதியிருந்தார், கடைசியில் இரண்டிலும் ஒரே எண். அன்று என்னவோ கீபோர்டை வாங்காமல், "ஏம்மா இப்படி எழுதினே?" என்று கேட்டேன். "ரெண்டு வரியும் ஒரே நேரத்துல நடக்கும்னு நினைச்சேன் சார்." கணக்கில் சமன்பாடுகளை அப்படித்தானே இத்தனை வருடம் படித்து வந்திருக்கிறார்! பைத்தான் மொழியில் இதையே ஒரே வரியில் எழுதினால், வலப்பக்கத்து மதிப்புகளை முழுக்க எடுத்துக்கொண்ட பிறகுதான் இடப்பக்கத்தில் போடும், அதாவது அவர் நினைத்தபடியே நடக்கும். யோசனையில் அர்த்தம் இருந்தது, சி-யில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், முதல் வரியிலேயே ஏ-யின் பழைய மதிப்பு அழிந்துவிடும் என்பது மட்டும் தெரியவில்லை.

அனுபவசாலிகளுக்கும் இது நடக்கிறது. வரிசைப்படுத்திய பட்டியலை ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்துக்கொண்டே தேடும் பைனரி சர்ச்சில், தேடும் பகுதியின் தொடக்க இடமான லோ-வையும் கடைசி இடமான ஹை-யையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவைக் கண்டுபிடிப்பதைத்தான் எல்லோரும் சொல்லிக்கொடுத்தோம். கூட்டுத்தொகை 2,147,483,647-ஐத் தாண்டினால் 32 பிட் முழு எண்ணில் அதற்கு மேல் இடமில்லாமல் அது மைனஸாகிவிடும். ஜாவா மொழியின் சொந்த லைப்ரரியிலேயே இந்தப் பிழை பல வருடம் இருந்ததை, அந்தப் புரோகிராமை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் எழுதினார். புரோகிராம் ஓடவில்லை என்று கண்கலங்கும் பிள்ளைகளுக்கு இதைத் தவறாமல் சொல்வேன்.

இப்போது வந்திருக்கும் சிக்கல் வேறு. ஏஐ எழுதிய புரோகிராமைக் கொண்டுவருகிறார்கள், சரியாகவும் ஓடுகிறது, ஏன் இப்படி என்று கேட்டால்தான் பதில் இல்லை. தவறான புரோகிராமிலாவது ஒரு யோசனை இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடங்க முடிந்தது. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான்.

அதனால் போன செமஸ்டரில் ஒரு மாணவர் அப்படிக் கொண்டுவந்த பைனரி சர்ச்சில், லோ-வுக்கு நடுவோடு ஒன்று கூட்டிப் போடும் வரியில் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, "தம்பி, ரெண்டே எண் மிச்சம் இருக்கும்போது என்ன ஆகும்னு பேப்பரில் போட்டுப் பார்" என்றேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "லோ நகரவே மாட்டேங்குது சார், லூப் முடியாது" என்று வந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். "அப்போ ஹை பக்கமும் இதே மாதிரி மாட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு பேப்பரை எடுத்தார்.