உறைக்குள் எரிந்த லைட்

2022இல் பெற்றோல் வரிசை நீண்டு கிடந்த மாதங்களில், அப்பாவின் பழைய ஜப்பான் கார் எங்கள் உவர்மலை வீட்டு முற்றத்தில் உறை போட்டபடியே நின்றது. திருகோணமலையில் வாடைக்காற்று தொடங்கினால் கடல் உப்பு வீட்டு யன்னல் கம்பியைக்கூட விடாது. அதற்குப் பயந்துதான் அந்த உறை.

ஒருநாள் திறப்பைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பற்றரியைச் சார்ஜ் ஏற்றிப் பூட்டினேன், மூன்றாம் நாள் மறுபடி இறங்கிவிட்டது. கராஜில் காட்டியபோது, "இது முடிஞ்சுது தம்பி, புதுசு போடுங்க" என்றார்கள். கைமாற்று வாங்கிப் புதுசு போட்டேன். அதுவும் நாலு நாளில் படுத்துவிட்டது. வயிறு எரிந்தது. பற்றரியைக் கழற்றச் சொன்னவர்கள் அதை எது குடிக்கிறது என்று ஒருமுறை பார்த்திருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதையும் சார்ஜ் ஏற்றிப் பூட்டிய அன்றிரவு கரண்ட் போனது. தெருவே இருட்டு. முற்றத்தில் நின்ற அம்மா கூப்பிட்டார்: "தம்பி, இங்க ஓடி வந்து பார். காருக்குள்ள என்ன எரியுது?"

உறை முழுவதும் மங்கிய மஞ்சளாய், வெசாக் பண்டிகை வெளிச்சக்கூடு மாதிரித் தெரிந்தது. கூரை லைட்! வீதி விளக்கு எரியும் இரவுகளில் அந்த வெளிச்சம் கண்ணில் பட்டதே இல்லை.

அது 12 வோல்ட், 10 வாட் பல்ப். ஏறக்குறைய 0.8 ஆம்பியர் இழுக்கும். எங்களுடையது 35 ஆம்பியர்-மணி பற்றரி, அதாவது ஒரு ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய 35 மணித்தியாலம் தாங்கும். விடாமல் எரிந்தால் இரண்டு நாளில் வெறுமையாகிவிடும்.

இந்தக் காலத்துக் கார்களில் கதவுச் சுவிட்சுக்கும் லைட்டுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கும். பழையவற்றில் வேலை எளிது. பியூஸிலிருந்து பல்புக்கு எப்போதும் கரண்ட் வரும். கதவுத் தூணில் இருக்கும் சுவிட்ச் ஏர்த்தை, அதாவது கார் உடம்பு வழியாகக் கரண்ட் பற்றரிக்குத் திரும்பும் பாதையைத்தான் கொடுக்கும். கதவு திறந்தால் பட்டன் வெளியே வந்து ஏர்த் கிடைக்கும், பூட்டினால் உள்ளே அமுங்கி ஏர்த் அறும். எங்கள் காரில் ஒரு சுவிட்சுக்கு ஒரே வயர். மற்ற முனை, அதைப் பிடித்திருக்கும் திருகாணி வழியாகக் காரின் உடம்புதான்.

அடுத்த நாள் கூரை லைட்டை, கதவு திறந்தால் மட்டும் எரியும் 'டோர்' நிலையில் வைத்து, ஒவ்வொரு கதவாகத் திறந்து பட்டனை விரலால் ஆழ அமுக்கினேன். மூன்றில் ஒரு மாற்றமும் இல்லை. இடது பின்கதவில் அமுக்கியதும் லைட் அணைந்தது. பட்டன் நுனியிலிருந்த றப்பர் தேய்ந்து உதிர்ந்திருந்தது. கதவு பூட்டினாலும் அது முழுதாக அமுங்கவில்லை. ஒருநாள் அணையும், ஒருநாள் எரியும்.

வலது முன்கதவில் வேறு வருத்தம். அதை மட்டும் திறந்தால் லைட் வராது. திருகாணியைக் கழற்றும்போது வயர் கழன்று தூணுக்குள் விழுந்துவிட்டது. ஈர்க்கின் நுனியை வளைத்து அரை மணித்தியாலம் தேடித்தான் வெளியே இழுத்தேன். நீங்கள் கழற்றுவதானால் முதலில் வயரில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். வயர் நுனியைத் தகரத்தில் தொட்டேன், லைட் பளிச்சென்று வந்தது. இடையில் பல்ப் இருப்பதால் அந்த வயர் உடம்பில் பட்டால் பியூஸ் போகாது, பயப்பட வேண்டாம். அப்படியென்றால் வயர் நல்லது. சுவிட்சை மீற்றரில் பார்த்தேன், அதுவும் நல்லது. திருகாணித் துளையைச் சுற்றி மண்ணிறக் கறள் தடித்து ஏறியிருந்தது. ஏர்த் போக வழியில்லை. சாண்ட் பேப்பரால் வெள்ளித் தகரம் தெரியும்வரை தேய்த்து, வாஸ்லைன் பூசி, புதுத் திருகாணி போட்டேன். கதவைத் திறந்ததும் எரிந்தது. அப்பா இருந்த காலத்திலேயே எரியாத கதவு அது. அம்மா நாலைந்து தரம் திறந்து திறந்து பார்த்தார்.

இடது பின்கதவுக்கு, கொழும்பு போன மச்சானிடம் சொல்லி, பழைய வாகனச் சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் பழைய சுவிட்ச் ஒன்று எடுப்பித்தேன். அது வரும்வரை கூரை லைட்டை 'ஓஃப்'இல் வைத்தேன். பற்றரி ஒருநாளும் இறங்கவில்லை. வலது பின்கதவுச் சுவிட்ச் இன்னும் வேலை செய்கிறது, ஆனால் அதன் திருகாணியிலும் மண்ணிறம் தெரியத் தொடங்கிவிட்டது. வாடைக்கு முன் அதையும் கழற்றிவிட வேண்டும்.