பழி ஓரிடம், சத்தம் ஓரிடம்

எங்கள் ஏழு சீட்டர் வண்டி எழுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியதிலிருந்து முன்பக்கம் இடதுபுறம் ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம். மேடவாக்கம் பக்கம் மெட்ரோ வேலைக்குத் தோண்டி மூடின சாலையில் ஊர்ந்து போனால் விடாமல் கேட்கும். வண்டலூர் பைபாஸில் எண்பதில் போனால் மூச்சுவிடாது. நடு சீட்டில் உட்காரும் அப்பா, “இதுக்கு மாட்டு வண்டியே தேவலாம்டா” என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன்.

அங்கே வண்டியை யாரும் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. “முன்னாடி ஷாக் ரெண்டும் போயிடுச்சு சார்” என்று இருபதாயிரத்துக்கு மேல் எஸ்டிமேட் நீட்டினார்கள். குனிந்து பார்த்தேன், குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை. பானெட்டை அமுக்கி விட்டால் ஒரே தரம் எழுந்து நின்றுவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேல், வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இந்தச் சத்தம் வரவே இல்லை. ஷாக் போயிருந்தால் அங்கேதானே முதலில் காட்டிக்கொடுக்கும்? யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

அந்த வேகத்தடைதான் துப்பு. இரண்டு முன்சக்கரங்களுக்கும் குறுக்கே ஸ்டெபிலைசர் பார் என்று ஒரு கம்பி போகிறது. வளைவில் வண்டி சாயாமல் பிடிப்பது அதுதான். அதன் இரு முனையையும் இரண்டு ஸ்ட்ரட்டோடும் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) கோர்ப்பது லிங்க் ராடு. வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்தே ஏறுவதால் அந்தக் கம்பி முறுக்கிக்கொள்வதில்லை, லிங்க் ராடுக்கும் பெரிதாக வேலை இல்லை. ஒரு சக்கரம் பள்ளத்திலும் இன்னொன்று மேட்டிலும் போனால்தான் கம்பி முறுக்கும், லிங்க் ராடு இழுபடும். அதன் முனையில் இருக்கும் குண்டு தேய்ந்திருந்தால் கிண்ணத்துக்குள் இடித்து ‘டொக்’.

சந்தேகம் வந்ததும் பார்ட் வாங்க ஓடவில்லை. முதலில் வண்டிக்குள் ஆடுகிற சாமான்களையெல்லாம் இறக்கினேன். ஜாக்கி, வீல் ஸ்பானர், சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே. மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக் கேட்டேன். மேடுபள்ளத்தில் பிரேக்கை லேசாக மிதிக்கச் சொன்னால் சத்தம் நிற்கவில்லை. நின்றிருந்தால் பிரேக் பேடு ஆடுகிறது என்று பொருள். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினால் ஒன்றும் இல்லை, ஆக ஸ்ட்ரட் மேலிருக்கும் பேரிங்கும் தப்பியது. ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றிக் கிளம்பும்போது மட்டும் ‘தொம்’ என்று தனியாக ஒன்று. அதையும் குறித்துக்கொண்டேன்.

பள்ளிக்கரணையில் எனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். இடது சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்க் ராடை ஆட்டிப் பார்த்த பையன், “டைட்டா இருக்குண்ணே” என்றான்.

“ஒரு பக்கம் தூக்குனா பார் முறுக்கி அதை இழுத்துப் பிடிச்சுக்கும்டா. அப்புறம் எங்க ஆடும்? வண்டிய கீழ விடு” என்றார் அண்ணன். நான்கு சக்கரமும் தரையில் நிற்க, வண்டிக்கு அடியில் வேலை பார்க்கும் பிட்டுக்குள் (குழிக்குள்) இறங்கி லிங்க் ராடின் முனையில் விரல் வைக்கச் சொன்னார். மேலே பையன் வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டினான். இடது பக்கம் சும்மா இருந்தது. வலது பக்கம் விரலுக்கடியில் ‘டக், டக்’ என்று துல்லியமாக இடித்தது. சத்தம் சப்ஃபிரேம் என்னும் அடிச்சட்டம் வழியாக எதிர்ப்பக்கம் போய்க் கேட்டிருக்கிறது. குண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே கிரீஸுக்குப் பதில் செம்மண்.

ஜி.பி. ரோட்டில் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். பழைய நட்டு துருவேறி, ஸ்பானர் போட்டால் அது ஏறியிருக்கும் ஸ்டடும் சேர்ந்தே சுற்றியது. நடுவில் ஆலன் கீ கொடுத்துப் பிடித்தும் அசையாமல், கடைசியில் கிரைண்டரால் அறுத்தார்கள். இரண்டு பக்கமும் புதிது போட்டதும் டொக் டொக் போய்விட்டது.

அந்த ‘தொம்’ சத்தத்துக்குக் காரணம், சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ். ரப்பர் பாதி பிளந்து கிடந்தது. பிரஸ்ஸில் கொடுத்துப் புது புஷ் ஏற்றினார்கள். இங்கே ஒன்றை மட்டும் நான் பிடிவாதமாகக் கேட்டேன்: ஆர்ம் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்குவது சக்கரம் தரையில் நின்ற பிறகுதான். தொங்கும்போதே முறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாகத் திருகிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழியும். பல இடங்களில் அவசரத்தில் இப்படித் தரையில் இறக்கி முறுக்குவதில்லை. அண்ணனுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் சிரித்துக்கொண்டே என் கண்ணெதிரில் முறுக்கினார்.

வீல் அலைன்மெண்ட் உட்பட அந்த எஸ்டிமேட்டில் பாதிகூட ஆகவில்லை. காலையில் வண்டியை எடுக்கும்போது மெலிதாக ஒரு ‘கிறீச்’ மட்டும் பாக்கி. ஸ்டெபிலைசர் பாரைக் கட்டிவைக்கும் டி புஷ் என்ற ரப்பர் துண்டில் தண்ணீர் தெளித்ததும் கொஞ்ச நேரம் அடங்கியது, அதனால் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. கிரீஸ் அடித்தால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும் என்பதால் இப்போதைக்கு சிலிக்கான் ஸ்பிரே. அடுத்த ஆயில் சர்வீஸில் அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.