கருவாட்டுக் கடைக்கு எந்த வலைத்தளம்?

மண்டபத்தில் எங்கள் அண்ணனும் மதினியும் கருவாடு வியாபாரம் செய்கிறார்கள். நெத்திலி, வாளை, காரல், சீலா, திருக்கை எல்லாம் உண்டு. சென்னை, கோவை, பெங்களூரு என்று வெளியூர் வாடிக்கையாளர்களும் சேர்ந்துவிட்டார்கள். இதுவரை எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் நடந்தது. "நெத்திலி இருக்கா, கிலோ என்ன விலை, கூரியர் எவ்வளவு" என்று ஒரே கேள்விக்கு ராத்திரி பத்து மணி வரை மதினி வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருப்பார். சொந்தமாக ஒரு வலைத்தளம் வைத்துவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்தோம். நான் ராமநாதபுரத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் என்பதால் எதில் செய்வது என்று பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

வலைத்தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ், ஷாப்பிஃபை, விக்ஸ், பிளாகர் நாலையும் எடுத்துவைத்துக்கொண்டு பார்த்தேன். யூடியூபில் ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எது அழகாக இருக்கும், எதில் வசதி அதிகம் என்றுதான் பேசுகிறார்கள். எங்கள் தொழிலுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. தினமும் அந்தத் தளத்தைத் திறந்து மாற்றப்போவது யார்?

கருவாட்டுக் கடையில் இருப்பு நிலையாக இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களிலும் கடல் சீற்றம், காற்று என்று ஏதாவது ஒன்று வந்து படகு நின்றுவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மீன் வந்தாலும் காயவைக்க வெயில் இல்லை. காலையில் இருக்கிற நெத்திலி சாயங்காலம் மொத்த வியாபாரியிடம் போயிருக்கும். இல்லாத சரக்குக்குப் பணம் வாங்கிவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், அந்த வாடிக்கையாளர் மறுபடி வர மாட்டார். களத்தில் சரக்கைக் கண்ணால் பார்க்கிற ஆள்தான் தளத்திலும் இருப்பை மாற்ற வேண்டும். அந்த ஆள் மதினி. ராமநாதபுரத்தில் உட்கார்ந்திருக்கிற நான் இல்லை.

அதனால் ஒவ்வொன்றிலும் சோதனைக்கு ஒரு கடை போட்டு, போனை மதினி கையில் கொடுத்தேன். நெத்திலியை 'இருப்பு இல்லை' என்று ஆக்க வேண்டும், வாளையின் விலையை இருபது ரூபாய் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. உப்புக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வாங்கினார். ஒன்றில் வடிவமைப்புப் பக்கம் திறந்துகொண்டது. விரல் பட்டதும் மேலே இருந்த படம் இடம் மாறி நின்றது. "தம்பி, படம் எங்கயோ போயிருச்சே, இதை எப்படித் தம்பி மாத்துறது?" என்று பதறிப்போனார். ஷாப்பிஃபை செயலியிலும், வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் கடைப் பிளகினான (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) வூகாமர்ஸின் செயலியிலும் அந்தச் சிக்கல் வரவில்லை. பொருளைத் தொட்டால் விலை, இருப்பு இரண்டும் தனியாக வருகின்றன. எண்ணை மாற்றிச் சேமித்தால் முடிந்தது. இரண்டில் ஷாப்பிஃபைதான் மதினிக்குச் சுலபமாக இருந்தது.

ஆனால் ஷாப்பிஃபைக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். தடைக்காலத்திலும் கட்ட வேண்டும், மழை மாதத்திலும் கட்ட வேண்டும். அவர்களுடைய சொந்தப் பணம் வாங்கும் சேவை இந்தியாவில் கிடையாது. ஆகவே ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் வேறு நிறுவனத்தின் சேவையை, அதாவது பேமெண்ட் கேட்வேயை, வைக்க வேண்டும். அப்படி வைத்தால் பேசிக் திட்டத்தில் ஷாப்பிஃபை தனியாக 2 சதவீதம் எடுக்கும். கேட்வே 2 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் எடுக்கும். 1,000 ரூபாய்க்குச் சீலா விற்றால் 40 ரூபாய்க்கு மேல் இதிலேயே போகிறது. கருவாட்டில் வருகிற லாபத்துக்கு அது கனம்.

விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்கு (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்) போக முடியாது. இதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன். கூகுள் பிசினஸ் கணக்கோடு சேர்த்து இலவசமாக ஒரு சின்ன வலைத்தளம் கொடுத்துவந்தார்கள், நினைவிருக்கிறதா? 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். அதையே நம்பியிருந்த கடைக்காரர்கள் புதிதாக இடம் தேட வேண்டியதாயிற்று. வாடகை வீட்டில் கிணறு வெட்டுவது போன்ற வேலை அது.

வேர்ட்பிரஸ் 2003இல் மேட் மல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கியது. திறந்த மூல மென்பொருள், அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். ஒரு ஹோஸ்டிங் பிடிக்கவில்லை என்றால் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த ஹோஸ்டிங்குக்குப் போகலாம். வூகாமர்ஸும் இலவசம், கேஷ் ஆன் டெலிவரி அதிலேயே இருக்கிறது. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது மல்லன்வெக்கின் ஆட்டோமேட்டிக் நிறுவனம் நடத்தும் சேவை, வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது நாமே இறக்கி நம் ஹோஸ்டிங்கில் வைத்துக்கொள்வது. நான் சொல்வது இரண்டாவதை. கடைசியில் அதையே எடுத்தோம்.

சுலபம் என்று சொல்ல மாட்டேன். பிளகின்களைப் புதுப்பிக்காமல் விட்டால் ஹேக் செய்துவிடுவார்கள். வேர்ட்பிரஸ் தளங்களுக்கு ஆபத்து பெரும்பாலும் பழைய பிளகின் வழியாகத்தான் வருகிறது. வெர்ஷன் 5.5 முதல் பிளகின்கள் தானாகவே புதுப்பித்துக்கொள்ள வசதி இருக்கிறது. அதைப் போட்டுவைத்தேன். பிளகினைக் கைவிரல் எண்ணிக்கைக்குள் நிறுத்திக்கொண்டேன். பேக்கப் ஹோஸ்டிங்கிலேயே கிடக்காமல் கூகுள் டிரைவுக்குப் போகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

எடை விஷயம் கொஞ்சம் யோசிக்கவைத்தது. நெத்திலியை 250 கிராம், அரை கிலோ, ஒரு கிலோ என்று மூன்று வகையாகப் போட்டால், வூகாமர்ஸ் இருப்பை எண்ணிக்கையாகத்தான் குறைக்கும். ஒரு கிலோ போனாலும் ஒன்று, கால் கிலோ போனாலும் ஒன்று. களத்தில் பத்துக் கிலோ இருக்கிறது என்ற கணக்கு இரண்டே நாளில் குழம்பிவிடும். அதற்கென்று பிளகின்கள் உண்டு. மதினி அதைவிட நல்ல வழி சொன்னார்: "எல்லாத்தையும் கால் கிலோ பாக்கெட்டாப் போட்ருவோம். கிலோ வேணுங்கிறவங்க நாலு எடுத்துக்கட்டும்." இப்போது 40 என்று தளத்தில் இருந்தால் பத்துக் கிலோ இருக்கிறது என்று அர்த்தம். பாக்கெட்டை எண்ணினாலே இருப்புத் தெரிகிறது. கூரியர் கட்டணத்தையும் பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று வைக்க முடிந்தது. தமிழ்நாட்டுக்கு ஒரு விலை, வெளி மாநிலத்துக்கு ஒரு விலை.

தமிழில் தளம் வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. பொருளின் பெயரைத் தமிழில் கொடுத்தால் வேர்ட்பிரஸ் பக்க முகவரியையும் தமிழிலேயே உருவாக்கும். பிரௌசரில் பார்க்க நன்றாக இருக்கும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் சதவீதக் குறியும் எண்ணுமாக நீளமாக வந்து விழும். தமிழில் ஒவ்வொரு குறியும் அப்படி ஒன்பது எழுத்தாக விரியும். 'கு' என்றால் ககரமும் உகரக் குறியும் சேர்ந்து பதினெட்டு. வேர்ட்பிரஸ் அந்தப் பகுதிக்குக் கொடுத்திருக்கும் இடமே 200 எழுத்துதான். "மண்டபம் நெத்திலி கருவாடு தலை நீக்கியது" என்று எழுதினால் பாதியில் வெட்டிவிடும். ஆகவே தலைப்பும் விவரமும் தமிழில், முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்தோம். கருவாட்டைக் கூகுளில் ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களும் நிறையப் பேர் என்பதால் அதுவும் ஒரு வசதி.

எழுத்துருவையும் பாருங்கள். பல தீம்களில் (தயாராகக் கிடைக்கும் தள வடிவமைப்பு) வருகிற எழுத்துருவில் தமிழே இருக்காது. போனில் இருக்கிற ஏதோ ஒன்று வந்து நிற்கும். தலைப்புகளில் வரி இடைவெளி குறைவாக இருந்தால் 'லி', 'நீ' போன்ற எழுத்துகளின் மேல் சுழி வெட்டுப்படும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றுமே இலவசம். நாங்கள் முக்தா மலர் வைத்து, வரி இடைவெளியைக் கூட்டினோம்.

கேட்வே கணக்குத் திறக்க, தொடர்பு, திரும்பப் பெறுதல், அனுப்பும் விதம், தனியுரிமை பற்றியெல்லாம் தளத்தில் பக்கங்கள் இருக்க வேண்டும். உணவுப் பொருள் என்பதால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணையும் போட்டிருக்கிறோம்.

எந்த மென்பொருளை எடுத்தாலும் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். ராமேஸ்வரத்தில் தெரிந்தவர் ஒருவருக்கு விடுதி இருக்கிறது. தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்திருந்தார். அவர் தொழிலை விட்டுவிட்டுப் போன பிறகு புதுப்பிக்க ஆள் இல்லை. பெயர்ப்பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்த முகவரி செத்துப்போனது. இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. சின்ன வியாபாரிக்கு அந்த முகவரிதான் சம்பாதித்து வைத்த பெயர்.

கீழக்கரையில் பனையோலைப் பெட்டி பின்னும் அக்கா ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, தனக்கும் வேர்ட்பிரஸ் போட்டுத்தரச் சொன்னார். வேண்டாம் அக்கா என்று சொல்லிவிட்டேன். அவர் ஆர்டர் வந்த பிறகுதான் பின்னுகிறார். இருப்புக் கணக்கு அவருக்குத் தேவையே இல்லை. கல்யாணச் சீருக்கு எத்தனை பெட்டி, என்ன நிறம் என்று பேசித்தான் விலை முடிவாகும். பிளாகரில் நாலு பக்கம், ஒரு வாட்ஸ்அப் பட்டன், வருடக் கட்டணத்தில் சொந்த டொமைன், அது போதும். பிளாகரும் கூகுள் கையில் இருப்பதுதான் என்பதால் அவ்வப்போது பேக்கப் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். பின்னால் கடைப் பக்கம் தேவைப்பட்டால் பிளாகர் பதிவுகளை வேர்ட்பிரஸுக்குள் கொண்டுவர இம்போர்ட்டர் இருக்கிறது. இப்போதைக்கு அவருக்கு வேண்டியது பகல் வெளிச்சத்தில் எடுத்த நல்ல படங்கள். அதை எடுக்க வருகிற ஞாயிற்றுக்கிழமை கீழக்கரை போகிறேன்.