அரசமரத்தடியில் பாலும் எண்ணெயும் சிமென்ட்டும்

பெங்களூரில் ஒரு மரத்தடிக்கு நாகக்கல் வந்துவிட்டால் அந்த மரம் கோடரிக்குத் தப்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சாலையை அகலப்படுத்த வருகிற ஒப்பந்தக்காரர் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி பார்ப்பார். முதல் வெட்டுப் போட ஆள் கிடைப்பது கஷ்டம். மரத்தை வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும் என்று சொல்லும் 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் செய்யாததை, மஞ்சள் பூசிய ஒரு கல் சில இடங்களில் செய்துவிடுகிறது. ஆனால் வெட்டுப்படாத அந்த மரம் நின்ற இடத்திலேயே உச்சி காய்ந்து போகிறதே, அதற்குப் பல இடங்களில் பூசை நடக்கும் விதம்தான் காரணம். மரத்தைக் கும்பிடுகிறவர்கள் யாரும் இதை வேண்டுமென்று செய்வதில்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

வேலைக்கு ஓடுகிற ஊர் இது. விடிந்ததும் கட்டட வேலைக்கும், வீட்டு வேலைக்கும், கம்பெனி வேனைப் பிடிக்கவும் கிளம்புகிறவர்களுக்கு மலையேறிச் சாமி பார்க்க நேரம் ஏது? அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் மாதிரித் தமிழர்கள் நெருங்கி வாழும் இடங்களில், பலருக்கு அன்றைக்குக் காலில் படுகிற ஒரே மண் அந்த மரத்தடி மண்தான். செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று சுற்று, ஒரு கும்பிடு, நெற்றியில் குங்குமம். அதில் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தால் போதும். மரத்துக்கு வரும் கேடுகளில் பலவும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். மர வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் முதலில் பழக்குவது இதைத்தான்: கத்தியைத் தொடும் முன் பார்.

பார்க்க வேண்டிய வரிசை மேலிருந்து கீழே. உச்சிக் கிளைகளில் இலை அடர்த்தி குறைந்து வானம் தெரிகிறதா? வேரில் கோளாறு என்றால் உச்சிதான் முதலில் காட்டும். இரண்டு பெரிய கிளைகள் பிரியும் கவட்டையில் கோடாக விரிசல் ஓடுகிறதா? அடிமரப் பட்டையில் எங்காவது அமுங்கியோ கறுத்தோ ஈரம் கசிந்தோ இருக்கிறதா? மண்ணை ஒட்டி அடிமரத்தில் தட்டு மாதிரிக் காளான் வந்திருந்தால் சும்மா விடக் கூடாது. உள்ளே அடித்தண்டோ வேரோ அழுகிக்கொண்டிருக்கிறது. அதைக் கிள்ளி எறிந்துவிட்டால் நோய் போகாது, அடையாளம் மட்டும்தான் போகும். மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பார்த்தால் பொந்து விழுந்த இடத்தில் ஓசை மாறும். அரசமரத்துக்கு இந்தச் சோதனை செய்ய நல்ல காலம் மாசி வாக்கில், பழைய இலை உதிர்ந்து செம்பு நிறத் துளிர் விரியும் முன். கிளை அமைப்பு முழுதும் அப்போதுதான் கண்ணுக்குப் படும். சித்திரை, வைகாசியில் இந்த ஊரில் அடிக்கிற கோடை மழைக் காற்றுக்கு முன் செய்ய வேண்டியதைச் செய்யவும் அவகாசம் இருக்கும்.

பாலையும் எண்ணெயையும் விடப் பெரிய எதிரி சிமென்ட். பழைய அரசமர மேடைகளில் பெரிய சப்பட்டைக் கற்களைச் சுண்ணாம்புக் காரைகூட அதிகம் இல்லாமல் அடுக்கி, நடுவில் மண் விட்டிருப்பார்கள். கல் இடுக்கில் தண்ணீர் இறங்கும், காற்று போகும். இப்போது யாராவது நேர்ந்துகொண்டு “மேடையைப் புதுப்பிக்கிறேன்” என்று பணம் கொடுத்தால் முதல் வேலையே அடிமரம் வரை கான்கிரீட் போட்டு மேலே வழுக்கும் டைல்ஸ் ஒட்டுவது. உபயதாரர் பெயர்ப் பலகையும் பளிச்சென்று இருக்கும். உணவையும் நீரையும் உறிஞ்சும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் முதல் இரண்டு அடிக்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்கு மூச்சும் நீரும் இரண்டும் அடைபடும். இன்னொரு தப்பு, மேடையை உயர்த்துகிறேன் என்று அடிமரத்தைச் சுற்றி ஒன்றிரண்டு அடிக்கு மண் கொட்டுவது. வேர் பிரியும் இடம் விரிந்து வெளியே தெரிய வேண்டும். அது புதைந்தால் பட்டை ஈரத்திலேயே கிடந்து ஊறி அழுகும். பாதிப்பு உடனே தெரியாது. சில வருடம் கழித்து உச்சி காயும்போது சிமென்ட் போட்டவர் வீடு மாறிப் போயிருப்பார், பழி திருஷ்டி மேல் விழும்.

தில்லி மரங்களுக்காக 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு, அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது சிமென்ட் இல்லாமல் விடச் சொல்கிறது. எங்கும் இதையே குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே போட்டதை எடுக்கும்போது இயந்திரம் வேண்டாம். அதிர்வும் அவசரமும் வேரைச் சிதைக்கும். உளியும் சுத்தியலும் வைத்து, வெளியிலிருந்து மரத்தை நோக்கிச் சிறு துண்டுகளாகப் பெயர்க்க வேண்டும். கட்டைவிரல் கனத்துக்கு மேற்பட்ட வேர் எதையும் வெட்டக் கூடாது. சிமென்ட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தத் துண்டை அப்படியே விட்டுவிடலாம். வெளியே வந்த வேரை அன்றே ஈரச் சாக்கு போட்டு மூடி, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, ஆற்றுமணலோ பொடிஜல்லியோ ஒரு பங்கு கலந்து பழைய மட்டம் வரை மட்டும் நிரப்ப வேண்டும். மேலே அந்த மரத்தின் சருகையே மூன்று விரல் கனத்துக்குப் பரப்பலாம், அடிமரத்தைத் தொடாமல். ஒரு சுற்று முழுவதையும் ஒரே நாளில் எடுக்காமல், கால் பாகம் கால் பாகமாக மழைக்காலத்தில் எடுப்பது நல்லது. கும்பிட வருகிறவர்களின் கால் சுடாமலும் சேறாகாமலும் இருக்க, சுற்றுப் பாதைக்கு மட்டும் கல் பலகைகளை இரண்டு விரல் இடைவெளி விட்டு மணல்மேல் பதிக்கலாம்.  நிழலுக்காக நிறுத்துகிற இருசக்கர வண்டிகளும் மண்ணை இறுக்குகின்றன.

இனி பால். நாகசதுர்த்திக்கும் நாகபஞ்சமிக்கும் அரை லிட்டர் பாக்கெட்டுகள் வரிசையாக உடையும். கல்லுக்கு ஊற்றுகிற பால் நேரே வேர் பிரியும் இடத்தில் தேங்கினால், அதிலுள்ள கொழுப்பும் புரதமும் அழுகிப் புளித்து மண் துளைகளை அடைக்கும். எறும்பும் ஈயும் வரும். ஒரு கரண்டி பால் போதும் என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது, சொல்லவும் வேண்டாம். நாகக்கல்லை ஓர் அங்குலம் சரிவாகப் பதித்து, கருவறைக்குக் கோமுகி இருக்கிறதே அதுபோல ஒரு சிறு வாய்க்கால் விட்டு வாளியில் பிடித்தால் தீர்ந்தது. பிடித்த பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பூசணி, ரோஜா இலைகளில் வெள்ளைப்பூச்சாக வரும் சாம்பல் நோய்க்குத் தெளிக்கலாம். அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். மஞ்சள் கலந்திருந்தால் வடிகட்டினால்தான் தெளிப்பானின் துளை அடைக்காது.

எண்ணெய் பாலைவிட மோசம். எண்ணெய் ஊறிய மண்ணில் தண்ணீர் ஒட்டாது; மழை பெய்தாலும் உருண்டு ஓடிவிடும். எள் எண்ணெய் விளக்கை அடிமரப் பொந்திலோ வேர் இடுக்கிலோ வைத்தால் சூட்டில் பட்டைக்கு அடியிலுள்ள உயிர்ப்படலம் வெந்து, அந்த இடம் ஆறாத புண்ணாகும், கரையான் நுழையும். அடிமரத்திலிருந்து ஐந்தடி தள்ளி, காற்று மறைவாக, மணல் நிரப்பிய தகரத் தட்டோடு ஒரு விளக்கு மாடம் கட்டிக்கொடுத்தால் எல்லோரும் தானாக அங்கே போவார்கள். நாகக்கல்லில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆசிட்டும் கம்பித் தேய்ப்பானும் கூடாது, செதுக்கிய கோடுகள் தேய்ந்துவிடும். அரிசிமாவைத் தடவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, சீயக்காயோ அரப்புத்தூளோ வெந்நீரில் குழைத்து நார்த்தூரிகையால் தேய்த்தால் போதும்.

நூல், ஆணி, பெயின்ட் மூன்றையும் சட்டென்று சொல்லிவிடலாம். பருத்தி நூல் மழையில் மக்கிவிடும். நைலான் கயிறும் ஜரிகையும் மரம் பருக்கப் பருக்கப் பட்டைக்குள் இறங்கும், ஆகவே வருடத்துக்கு ஒருமுறை அறுத்து எடுக்க வேண்டும். ஆணிக்குப் பதில் படங்களை மாட்டத் தனியாக ஒரு இரும்புச் சட்டம். எனாமல் பெயின்ட் வேண்டவே வேண்டாம், காவியும் சுண்ணாம்பும் தாராளம்.

பூ விஷயம்தான் தினப்படி வேலை. அமாவாசை திங்கட்கிழமையில் வந்தால் நூற்றெட்டுச் சுற்றுக்கு நூற்றெட்டு வாழைப்பழம், நூற்றெட்டு மிட்டாய், நூற்றெட்டு லட்டு என்று குவியும். அன்று மாலைக்குள் தின்பண்டங்களை எடுத்து விநியோகித்துவிட வேண்டும், இல்லையென்றால் எலிதான் விநியோகிக்கும். பூ, வெற்றிலை, துளசி எல்லாம் உரமாகும். மூன்றடி அகலம், நான்கடி உயரத்தில் கோழிவலையை வளையமாக நிறுத்தி, ஒரு கூடை பூவுக்கு மூன்று கூடை சருகு என்று மாற்றி மாற்றிப் போடலாம். அரச இலை தோல் மாதிரி இருக்கும், அப்படியே போட்டால் படலம் படலமாக ஒட்டிக்கொண்டு காற்றை மறிக்கும். மிதித்து நொறுக்கிப் போட வேண்டும். மாலையை அப்படியே போட்டால் நூல் உருண்டை மட்டும் மிஞ்சும், சாமந்தியை உருவி எடுத்துவிட்டுப் போடுவது அலுப்பான வேலை என்றாலும் தவிர்க்க முடியாது. கற்பூரக் கட்டி, ஊதுவத்திக் குச்சி, ஜரிகைத் தாள், தேங்காய் மட்டை ஆகாது. எலுமிச்சை நாலைந்துக்கு மேல் போனால் தாமதமாகும். புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் தொடக்கம் வேகமாகும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், நாற்றம் வரும். அப்போது சருகைச் சேர்த்துக் கிளற வேண்டும். கிளறிக்கொண்டே வந்தால் இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசனை வரும். அதை மேடைக்கு மட்டும் போடாமல் வீட்டுக்கு வீடு துளசி மாடத்துக்குக் கொடுத்தால், மறுநாள் பூவில் பிளாஸ்டிக் கலப்பது தானாகக் குறையும்.

அரசோடு வேம்பையும் சேர்த்துக் கல்யாணம் செய்து வைத்திருக்கும் மேடைகளில் ஒரு பயம் அடிக்கடி கிளம்புகிறது. மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் வரை வேம்பின் நுனிகள் பழுப்பேறிக் கருகி, தீயில் வாட்டியது போல நிற்கும். அம்மனுக்குக் கோபம் என்று பரிகாரம் தேடுவார்கள். அது நுனிக்கருகல், பூஞ்சையால் வருகிற நோய். மரம் வலுவாக இருந்தால் மாசி, பங்குனியில் திரும்பத் துளிர்க்கும். பூச்சிமருந்தை அள்ளி அடிக்காமல், காய்ந்த நுனிகளை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருப்பதே பல நேரம் போதும். கோடையில் வாரத்துக்கு நாலைந்து குடம் தண்ணீர், அடிமரத்தில் ஊற்றாமல் கிளை நிழலின் ஓரத்தில்.

அரசமரம் இரவிலும் பிராணவாயு விடும் என்று மேடையில் உட்கார்ந்து சொல்லாத பெரியவர் இல்லை. வெளிச்சமில்லாமல் எந்த மரமும் அதைச் செய்யாது. உண்மையில் நடப்பது அதைவிட வியப்பானது. அரசின் பூ வெளியே தெரியாது, காய்க்குள்ளேதான் பூக்கிறது. எள்ளைவிடச் சிறிய ஒரு குளவி உள்ளே நுழைந்தால்தான் மகரந்தச் சேர்க்கை. ஓரிரு நாள்தான் அதன் ஆயுள். அதற்குள் காய்ப்பருவத்திலிருக்கும் இன்னொரு அரசை அது தேடிப் பிடிக்க வேண்டும். ஆக அல்சூர் மேடை மரம் காய்க்க வேண்டுமென்றால் வேறெங்கோ ஒரு மரமும் உயிரோடு இருந்தாக வேண்டும். பழுத்த நாட்களில் குக்குறுவானும் மைனாவும் பகலிலும், பழந்தின்னி வௌவால்கள் இரவிலும் வரும். மேடை அசிங்கமாகிறது என்று கிளையை வெட்டச் சொல்லி அப்போதுதான் மனு போகும். காலையில் ஒரு முறை கூட்டினால் தீருகிற விஷயம் அது.

மாற்றம் எதையும் அறிவிப்புப் பலகையால் செய்ய முடியாது. “எண்ணெய் ஊற்றாதீர்கள்” என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வைத்த பலகையின் மேலேயே எண்ணெய் வடியும். பேச வேண்டியது பூக்காரம்மாவிடம், ஆட்டோ ஸ்டாண்டில் மூத்தவரிடம், வாரா வாரம் கல்லைக் கழுவுகிற பெண்களிடம். “அம்மா, விளக்குக்கு நல்ல இடம் ஒண்ணு பண்ணியிருக்கோம், முதல் விளக்கு நீங்க ஏத்துங்க” என்றால் வேலை முடிந்தது. ஆடி பிறப்பதற்கு முன் செய்துவிட வேண்டும். ஆடியில் கூழ் ஊற்றும் நாளில் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது.

பறவை எச்சத்தில் விழுந்த விதை மாடிச் சுவர் இடுக்கில் முளைத்துவிட்டால் பிடுங்கவும் மனசு வராது, விடவும் முடியாது. விட்டால் சுவர் பிளக்கும். 30க்கு 40 அடி சைட்டில் அரசமரத்துக்கு இடமே கிடையாது. ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கும்போதே, நல்ல மழைக்கு மறுநாள், இடுக்கை நனைத்து மெல்லிய உளியால் காரையைத் தளர்த்தி வேரோடு எடுக்க வேண்டும், இழுத்தால் வேர் உள்ளே நின்று மறுபடி முளைக்கும். ஈரச் சாக்கில் சுற்றி, செம்மண் தொட்டியில் வைத்து, இரண்டு மூன்று வாரம் நிழல். ஆளுயரம் வந்ததும் ஏரிக்கரையோ சுடுகாடோ பள்ளி மைதானமோ, கட்டடத்திலிருந்து முப்பது அடிக்குக் குறையாமல், அனுமதி கேட்டு நடலாம். குழி இரண்டரை அடி. எருவை அள்ளிக் கொட்ட வேண்டாம், ஒரு கூடை போதும். காரையைத் தின்று வளர்ந்த செடிக்கு அதுவே விருந்து.