பூப்பாறை நாட்குறிப்பு: பின் கியர் மாற்றிய மூன்று வாரம்

ஜூலை 13, 2025, ஞாயிறு

காலையில் மழை கொஞ்சம் வெறித்திருந்தது. ஓடையைத் தாண்டி ஏலக்காட்டுக்குள் இறங்கும் ஜீப் பாதையில் சேற்றுக்குள் கிடந்த கல் ஒன்று சைக்கிளின் பின்பக்கம் ‘டக்’கென்று அடித்தது. நிற்காமல் போனதுதான் தப்பு. அடுத்த மேட்டில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினேன். அரைச் சுற்றுக்குள் டீரெய்லர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பாகம், ஸ்போக்ஸுக்குள் புகுந்து சக்கரம் பூட்டிக்கொண்டது.

டீரெய்லரில் செயின் ஓடும் கூண்டு முறுக்கிக்கொண்டது. மூன்று ஸ்போக்ஸ் வளைந்தன. செயினில் இரண்டு கண்ணி திருகிப் போனது. அட்டை காலில் ஏறுவதைத் தட்டிவிட்டுக்கொண்டே ஓரமாக உட்கார்ந்து டீரெய்லரைக் கழற்றினேன். செயினை வெட்டிச் சுருக்கி, முன்னால் நடுச் சக்கரத்திலும் பின்னால் நடுப் பல்லிலும் போட்டு ஒரே கியராக்கினேன். பையில் செயின் கட்டர் இருந்ததால் ஓட்டிக்கொண்டு வீடு சேர்ந்தேன். ஆறு வருஷமாக வீட்டுக்கும் ஏலக்காய் ஸ்டோருக்கும் என்னைச் சுமக்கிற வண்டி. சேறு கழுவும்போது மனசு கனத்துப் போனது.

ஜூலை 15, செவ்வாய்

ராத்திரி கரண்ட் இருந்தது. எல்லாவற்றையும் கழுவி மேஜையில் பரப்பிப் பார்த்தேன்.

ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருக்கிறது. சைக்கிள் சட்டத்திலிருந்து டீரெய்லரைத் தாங்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு வளையத்தான் செய்யப்பட்டது. அது வளையாவிட்டால் சட்டமே போயிருக்கும். அதன்மேல் எனக்கு வருத்தமில்லை.

டீரெய்லரின் உள்பக்கம் எண் இருந்தது: ஷிமானோ ஆல்டஸ் ஆர்.டி. எம்310. பின்னால் 8 பல்சக்கரம், 11 முதல் 34 பல் வரை. முன்னால் மூன்று, 42, 32, 22. காகிதத்தில் கணக்குப் போட்டேன். முன்னால் பெரியதுக்கும் சின்னதுக்கும் வித்தியாசம் 20. பின்னால் 23. கூட்டினால் 43. டீரெய்லர் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டிய செயின் தொய்வு இவ்வளவு. எம்310-இன் கொள்ளளவும் சரியாக 43 பல், தாங்கும் பெரிய பல் 34. வண்டியைக் கட்டியவர்கள் அளந்துதான் போட்டிருக்கிறார்கள். நடுத்தரக் கூண்டு உள்ளவை 33 பல் அளவோடு நின்றுவிடும். எனக்கு நீளக் கூண்டுதான் வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காற்று ஆரம்பித்துவிட்டது. ஒரே கியரில் ஸ்டோருக்குப் போய் வருகிறேன். மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. போடியிலிருந்து வேலையாட்களை ஏற்றி வரும் ஜீப் ஒன்று நின்று, “என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா, ஏறிக்கங்க” என்றது. சைக்கிளைப் பின்னால் கட்டி ஏற்றிக்கொண்டார்கள். கூடையும் அரிவாளுமாக உட்கார்ந்திருந்த அக்காமார் எனக்காக நெருக்கி இடம் விட்டார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

போடிக்கு இறங்கினேன். மதுரையிலிருந்து மச்சான் தன் பழைய வண்டியில் கழற்றிய ஷிமானோ டியோர் டீரெய்லர் ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். பத்து வேகத்துக்கானது, அதாவது பின்னால் பத்துப் பல்சக்கரம். செயின் ஆடாமல் பிடிக்கும் கிளட்ச் உள்ளது, பார்க்கவே அழகு. “இதைவிட என்ன வேணும் மாப்ள, உன் ஆல்டஸைவிட மூணு படி மேல” என்றான்.

கடையில் முதலில் ஹேங்கரை நிமிர்த்தினார்கள். கடைக்காரர் அறுபது தாண்டியவர். அளவுக்கருவி இல்லை. குவிக் ரிலீஸ் உள்ள வேறொரு பின் சக்கரத்தை எடுத்து, அதன் அச்சை என் ஹேங்கர் ஓட்டைக்குள்ளேயே திருகினார். இரண்டும் 10 மில்லிமீட்டர், ஒரே மரை. இப்போது இரண்டு ரிம்மும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மேலே, கீழே, முன்னே, பின்னே என்று இடைவெளியை அளந்து, அந்தச் சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து மெல்ல மெல்ல இழுத்தார். இடைவெளி நாலு பக்கமும் ஒன்றானது. “ஒரு தடவைதான் தம்பி. மறுபடி வளைஞ்சா அலுமினியம் முறிஞ்சிரும், புதுசு ஒண்ணு வாங்கி வெச்சுக்க” என்றார். மூன்று ஸ்போக்ஸ் மாற்றிக் கோட்டமும் எடுத்துக் கொடுத்தார். அந்த மனுஷனின் கைக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

டியோரைப் போட்டோம். முதல் இரண்டு கியர் ஒருவிதமாக விழுந்தது. மூன்றாவதில் உரசியது. அதற்குப் பிறகு இரண்டு சொடுக்குக்கு ஒரு பல் நகர்ந்தது. எட்டாவது பல் வரவே இல்லை. ஒயரை இறுக்கினால் இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம் கெடும்.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டதும் விளங்கிவிட்டது. கைப்பிடியில் கியர் மாற்றும் என் எட்டு வேக ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்கு ஒயரை 2.8 மில்லிமீட்டர் இழுக்கும். பழைய டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கி நகரும், கிட்டத்தட்ட 4.8. எட்டு வேக கேசட்டில், அதாவது பின் பல்சக்கர அடுக்கில், பல்லுக்குப் பல் இடைவெளியும் 4.8-தான். ஷிமானோவின் பத்து வேக மலை டீரெய்லரோ 1.2 மடங்குதான் நகரும். சொடுக்குக்கு 3.4 கூட வராது. ஏழு சொடுக்கில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பாக்கி. எந்தத் திருகும் இதைச் சரிசெய்யாது. டியோர் நல்ல சாமான், ஆனால் அதற்கேற்ற ஷிஃப்டர் என் கைப்பிடியில் இல்லை. மச்சானிடம் போனில் இதைச் சொன்னேன். கணக்கை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டான்.

ஜூலை 23, புதன்

மூன்று நாளாக இதே யோசனை. ஸ்ராம் கம்பெனி டீரெய்லர் ஒன்று விலை குறைத்துக் கிடைத்தது. அவர்களுடைய இழுவைக் கணக்கு வேறு, என் ஷிஃப்டரோடு சேராது. மைக்ரோஷிஃப்ட் அட்வெண்டும் அப்படித்தான், அதற்கு அதன் ஷிஃப்டரே வேண்டும். அதே எம்310-ஐ மறுபடி வாங்கினால் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அது பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்பது. கல் அடித்ததும் அந்தத் துருத்தலில்தான்.

ஷிமானோ மலை வண்டிகளில் பழைய 7, 8, 9 வேகங்களுக்கு டீரெய்லரின் இழுவை விகிதம் ஒன்றுதான். ஒன்பது வேக ஆல்டஸ் எம்2000 என் எட்டு வேக ஷிஃப்டரோடு ஒத்துப்போகும். சொடுக்கை எண்ணுவது ஷிஃப்டர், டீரெய்லர் இழுத்த அளவுக்கு நகர்கிறது, அவ்வளவே. எம்2000-இன் கொள்ளளவு 45, பெரிய பல் 36 வரை. எனக்கு வேண்டியதைவிட இரண்டு கூடுதல். முக்கியமாக, அது ஷேடோ அமைப்பு. உடம்பு கேசட்டுக்கு அடியில் ஒடுங்கி நிற்கும். எங்கள் பாதைக்கு இது போதும், இதுதான் வேண்டும். விலைப்படியில் டியோருக்குக் கீழேதான். இருக்கட்டும்.

டீரெய்லர், எட்டு வேகச் செயின், ஒயர், கூடவே ஒரு ஹேங்கர். ஹேங்கரில் நூறு வடிவம். பழையதைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து, திருகு ஓட்டைகளின் இடைவெளியை ஸ்கேலால் அளந்து, படத்தோடு ஒப்பிட்ட பிறகே கேட்டேன். பார்சல் போடியில் அக்கா வீட்டு முகவரிக்கு வரும்.

ஜூலை 29, செவ்வாய்

பார்சல் வந்துவிட்டதாக அக்கா போன். நாளை பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுகிறாள்.

ஆகஸ்ட் 2, சனி

ஸ்டோர் முடிந்து வந்து விளக்கடியில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுச் சேட்டன் டார்ச் பிடித்தார்.

ஷேடோவில் ஒயர் முன்பக்கமிருந்து நேராக நுழைகிறது. பழைய வளைவு தேவையில்லை. வெளிக்குழாயைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கினேன். செயினை டீரெய்லருக்குள் விடாமல் முன்னால் 42, பின்னால் 34 மேல் சுற்றி, முட்டும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டினேன். வெளிப்பக்க எல்லையை வைக்கும் ஹெச் திருகால் 11 பல்லின் நேருக்கு நிறுத்தினேன். உள்பக்க எல்லைக்கான எல் திருகை மட்டும் மூன்று தடவை சோதித்தேன். அது தளர்ந்திருந்தால் டீரெய்லர் மறுபடி ஸ்போக்ஸுக்குள் போகும். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பெருவிரலால் டீரெய்லரை உள்ளே தள்ளிப் பார்த்தேன். 34-ஐத் தாண்டவில்லை. பிறகு ஒயரை மாட்டி, ஒயரின் இறுக்கத்தை மாற்றும் பேரலைக் கால் திருகு, அரைத் திருகு என்று கூட்டினேன். ஏழு சொடுக்கு, எட்டுப் பல். சேட்டன், “கொள்ளாம்” (நல்லாயிருக்கு) என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வழியாக முந்தல் வரை இறங்கினேன். அக்கா கொடுத்தனுப்பிய எலுமிச்சைச் சோறு முந்தலில் கிடைத்தது. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்புறம் ஏற்றம். 17 கொண்டை ஊசி.

முன்னால் 22, பின்னால் 34. மிதியின் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி 1.34 மீட்டர் நகர்கிறது. மெதுவாகத்தான், ஆனால் நிற்கவில்லை. ஏழாவது வளைவில் ஆடிக் காற்று முகத்தில் மோதியது, கீழே போடி சமவெளி வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் 26-க்கும் 34-க்கும் மாறி மாறிப் போட்டேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. சத்தம் கேட்கிறதா என்று காதை அங்கேயே வைத்திருந்தேன்.

செக்போஸ்ட் பக்கம் டீக்கடையில் நிறுத்திச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். 34-இல் மட்டும் டீரெய்லரின் மேல் உருளை கேசட்டை லேசாக உரசுகிறது. அந்த இடைவெளியைக் கூட்டும் பி திருகை அரைச் சுற்று உள்ளே விட வேண்டும். கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.