தோட்டத்துப் பக்கம் விட்டா பொழச்சுக்குமா?

"இனி வளர்க்க முடியாதுங்க. தோட்டத்துப் பக்கம் கொண்டு போய் விட்டா அதுபாட்டுக்குப் பொழச்சுக்கும்." கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் கால்நடை மருத்துவர்களின் காதில் திரும்பத் திரும்ப விழும் பேச்சு இது. இப்படிச் சொல்லித்தான் லேப்ரடார், பக் மாதிரி வீட்டில் வளர்த்த நாய்களை பைபாஸ் ஓரத்திலும் மலைக்கோயில் அடிவாரத்திலும் ஆளில்லாத கிராமத்துச் சாலையிலும் இறக்கிவிட்டுப் போகிறார்கள். அது பொழைக்காதுங்க.

தட்டில் வைத்த சோற்றைத் தின்று வளர்ந்த நாய்க்கு இரை தேடத் தெரியாது. இறக்கிவிட்ட இடத்தை விட்டு நகராமல் முதல் சில நாள் அங்கேயே நிற்கும். வீட்டு வண்டி மாதிரிச் சத்தம் கேட்டால் பின்னால் ஓடும், சாலையில் அடிபடுவது இப்படித்தான். அந்த இடத்து நாய்களுக்கென்று எல்லை இருக்கிறது, புதிதாக வந்ததை அவை கூட்டமாகச் சேர்ந்து கடிக்கும். கடித்த புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். உண்ணி ஏறினால் எர்லிக்கியா, பபீசியா காய்ச்சல் வந்து ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும். ஹஸ்கிக்கு இரட்டை அடுக்கு ரோமம். பக்குக்குச் சப்பை மூக்கு, மூச்சிரைத்து உடம்புச் சூட்டைத் தணிக்க அதனால் முடியாது. சித்திரையில் கரூர் பரமத்தி வெயிலை இந்த இரண்டும் தெருவில் தாங்காது.

கொஞ்சம் பெரிய, திடமான நாய் தப்பிவிடலாம். அப்போது அவஸ்தை ஆட்டுக்காரருக்கு. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலி போட்டு, செம்மறிகளை ராத்திரியிலும் பட்டியிலேயே விட்டு வைப்பார்கள். பசித்த நாய்கள் நாலைந்து சேர்ந்து வேலிச் சந்தில் நுழைந்தால், தின்பதற்கு ஒன்றைக் கொன்று நிறுத்தாது. ஓடுகிற ஆட்டைத் துரத்திக் கடிப்பது நாயின் இயல்பு. பட்டிக்குள் ஆடுகளுக்கு ஓட இடமில்லை, கத்திச் சிதறச் சிதறக் கடி தொடர்கிறது. கழுத்திலும் பின்னந்தொடையிலும் கடிபட்டு உயிரோடு மிஞ்சியதும் சீழ் பிடித்துச் சாகும், சினையாடு குட்டி வீசிவிடும். இழப்பீடு கேட்டு அந்தப் பகுதி விவசாயிகள் போராடியது தமிழ்நாடு முழுக்கச் செய்தியானது. நகரத்தில் காரில் ஏற்றிக் கொண்டுவந்து விட்ட நாயின் செலவை, ஊர்ப்பக்கம் நாற்பது ஆடு வைத்துப் பிழைக்கிற குடும்பம் கட்டுகிறது. கடைசியில் யாராவது விஷம் வைக்கிறார்கள், நாயோடு கீரியும் பருந்தும் சேர்ந்து சாகின்றன. விலங்கை விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கைவிடுவதும் குற்றம்தான். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில் இருக்கிறது, ஆனால் முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அதற்கு யார் பயப்படுவார்கள்?

கைவிடுவதற்கான காரணம் பெரும்பாலும் வாங்கும் நாளிலேயே தெரிந்துவிடும். லேப்ரடார் 10 முதல் 13 வருஷம் இருக்கும், நாட்டு நாய் 12, 15 வருஷம்கூட இருக்கும், வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை அதற்கும் மேல். ஆறாவது படிக்கிற பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகக் குட்டி வாங்கினால், பிள்ளை காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் நாய் வீட்டில் இருக்கும். அன்று அதற்குச் சோறு வைப்பவர் யாரோ, அவருடைய சம்மதம்தான் முதலில் வேண்டும். லைன் வீட்டில் குடியிருந்தால் வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அடுத்தது தீனிக் கணக்கு. 30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,400 கலோரி வேண்டும். வீட்டுச் சாப்பாடாக என்றால் 200 கிராம் அரிசி, 300 கிராம் கோழிக்கறி, மூன்று முட்டை. அதோடு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர். இதை உங்கள் ஊர் விலையில் மாசத்துக்கும், பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கும் பெருக்கிப் பாருங்கள். வெறும் தயிர்சோற்றில் ஓட்டினால் ரோமம் கொட்டும், சொறி வரும். அந்தச் சொறியைக் காட்டியே பிறகு வெளியே விடுகிறார்கள்.

8 வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள், விற்பதும் 2017ஆம் ஆண்டு விதிப்படி தவறு. தாயோடும் கூடப்பிறந்ததோடும் விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. முன்கூட்டிப் பிரித்த குட்டி பிற்பாடு கையைப் பதம் பார்க்கும். 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் ஆகும்வரை. வெறிநோய் ஊசி 3 மாதத்தில், அதன்பின் மருத்துவர் சொல்லும் தவணையில். இந்தத் தொடரை நடுவில் விட்டவர்கள் வீட்டில்தான் பார்வோ என்ற வைரஸ் நோய் வருகிறது. வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தப்பேதி, குளுக்கோஸ் ஏற்றிப் பல நாள் வைத்தியம். செலவைக் கேட்டதும் குட்டியை மருத்துவமனை வாசலிலேயே விட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அதே முற்றத்துக்கு உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்தால் அதுவும் போய்விடும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமையானது பொட்டைக்குட்டிகளின் கதி. கடுவன் குட்டிக்குக் கேட்டு வர ஆள் இருக்கும், பொட்டைக்குட்டிகள் அட்டைப்பெட்டியில் கோயில் வாசலுக்குப் போகும். மூன்று வாரத்துக்குள்ளான குட்டியால் தானே ஒன்றுக்குக்கூடப் போக முடியாது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். உடம்புச் சூட்டையும் தானே வைத்துக்கொள்ளத் தெரியாது. பெட்டிக்குள் பால் கிண்ணம் வைப்பதால் ஒரு பயனும் இல்லை, அதற்கு இன்னும் நக்கிக் குடிக்கத் தெரியாது. இதைத் தடுக்க ஒரே வழி கருத்தடை. பெண் நாய் 6 முதல் 12 மாதத்துக்குள் முதல் பருவத்துக்கு வரும், பிறகு ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை. சினைக்காலம் 63 நாள். ஒரு முறை கதவு திறந்து கிடந்தால் போதும்.

அறுவை சிகிச்சைக்கு ஏற்ற வயதை மருத்துவர் இனத்தைப் பார்த்துச் சொல்வார். பருவத்தில் இருக்கும்போது செய்தால் ரத்தப்போக்கு அதிகம், முடிந்து இரண்டு மாதம் கழித்துச் செய்வது நல்லது. முந்தின ராத்திரிக்குப் பிறகு தீனி வேண்டாம், வயிற்றில் சோறு இருந்தால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும். பிறகு 10, 14 நாள் தையல் பிரிக்கும்வரை குளிப்பாட்டக் கூடாது, மாடிப்படி ஓட்டம் கூடாது, கழுத்துக் கூம்பைக் கழற்றக் கூடாது. "பாவமா இருக்குது" என்று கூம்பைக் கழற்றிய ராத்திரியே நக்கித் தையலைப் பிரித்துக்கொண்டு வரும் நாய்கள் ஏராளம். செய்யாமல் விட்ட வயதான பெண் நாய்க்குப் பருவம் முடிந்து சில வாரத்தில் கர்ப்பப்பையில் சீழ் கட்டலாம். ஓயாமல் தண்ணீர் குடிக்கும், தின்னாது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

"குரைக்குது, எல்லாத்தையும் கடிச்சுப் போடுது" என்ற புகார் எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை வரும். அது விடலைப்பருவம். காலையும் மாலையும் அரைமணி நேரம் நடை, மெல்லுவதற்கு ஏதாவது, சங்கிலியில் கட்டும் நேரத்தைக் குறைப்பது, இவற்றிலேயே பாதி அடங்கும். தீபாவளிக்குத் திருப்பூரே காலியாகும்போது வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்துப் போவது பராமரிப்பு ஆகாது. பக்கத்து வீட்டாரிடமோ கட்டண விடுதியிலோ ஏற்பாடு செய்யுங்கள். விடுதி என்றால் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே, தடுப்பூசி அட்டையோடு.

வேலை மாற்றம், நோய், குடும்பத்தில் ஒரு சாவு என்று நிஜமாகவே வைத்துக்கொள்ள முடியாத நிலை வரும். அது பாவம் இல்லை. ஒழுங்காக இன்னொரு வீட்டில் சேருங்கள், அதற்கு மூன்று வாரமாவது வேண்டும். கருத்தடை செய்துவிட்டே கொடுங்கள், இல்லாவிட்டால் பெண் நாய் குட்டி போடும் இயந்திரமாகிவிடும். வயது, ஊசி, யாரையாவது கடித்ததுண்டா என்பதையெல்லாம் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். கடித்ததை மறைத்துக் கொடுத்த நாய் அடுத்த கடிக்குப் பிறகு தெருவுக்குத்தான் வரும். அவர்கள் வீட்டுக்கு நேரில் போங்கள். சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், காவலுக்கு என்று கேட்டால் நிழல் எங்கே, தினமும் தண்ணீர் வைப்பது யார், பகலில் அவிழ்த்துவிடுவார்களா என்று கேளுங்கள். லேப்ரடார் காவலுக்கு ஆகாது என்றும் சொல்லிவிடுங்கள். நாய் படுத்த பழைய துணி, ஒரு வாரத் தீனி, போன் நம்பர் எழுதிய கழுத்துப்பட்டை, இவற்றையும் கூடவே அனுப்புங்கள். முதல் இரண்டு வாரம் வேலிக்குள்கூடக் கயிறில்லாமல் விடக் கூடாது, பழைய வீட்டைத் தேடி ஓடித் தொலைவது அந்த நாட்களில்தான். ஒத்துவராவிட்டால் தெருவில் விடாமல் உங்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

தொட்டியில் வளர்த்த சிவப்புக்காது ஆமையையும் சக்கர் மீனையும் குளத்தில் விடாதீர்கள். அவை பிழைத்துவிடும் என்பதே அங்கே சிக்கல். நம் ஊர் ஆமையையும் மீனையும் அவை நெருக்கி ஒழிக்கும்.

கைவிடப்பட்ட நாயை வழியில் பார்த்தால் அடையாளம் இருக்கும். கழுத்தில் பட்டையின் தடம், ஒவ்வொரு இருசக்கர வண்டியையும் மோந்து பார்ப்பது, ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிற்பது. எட்டிப் பிடிக்காதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து முட்டையோ கறியோ போட்டு, அதுவாகக் கிட்டே வந்த பிறகு கயிற்றில் சுருக்குப் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். பல்லோ நகமோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசியை ஆரம்பியுங்கள். பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே வேளையில் வயிறு முட்டப் போட்டால் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மருத்துவரிடம் கொண்டு போய் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொலைந்த நாயாகவும் இருக்கலாம், எங்கேயோ ஒரு குடும்பம் தேடிக்கொண்டிருக்கலாம். உங்கள் வீட்டு நாயோடு உடனே சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே வையுங்கள். அதன் பாத்திரத்தை ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவுங்கள், பார்வோ கிருமி வெறும் சோப்புக்குச் சாகாது.